வென்டிலேட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி

ஐ.சி.யூ.வில் புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸுக்கும் டூட்டி டாக்டருக்கும் சில மாதங்களிலேயே டியூப் போடுவது, ஏ.பி.ஜி. எடுப்பது, சிரிஞ்ச் பம்ப் கணக்கு எல்லாம் கைவந்துவிடும். இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்ட ஒருவரைக் கடைசி நாட்களில் எப்படிக் கவனிப்பது என்பது மட்டும் பத்து வருடம் ஆனாலும் பலருக்குக் கைவருவதில்லை. மனம் இல்லாமல் இல்லை. உட்கார வைத்துச் சொல்லித் தர ஆளில்லை. ஆனால் இதுவும் ஒரு தொழில்திறமைதான். கற்றுக்கொள்ளலாம், பழகலாம், ஜூனியருக்குச் சொல்லித் தரலாம். திருவண்ணாமலை மாதிரி ஊரில் வேலை பார்ப்பவர்கள் இதை மற்றவர்களுக்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்.

ஏன் என்று கேட்டால், அடி அண்ணாமலையைப் பாருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே, ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலை ஒட்டிய ஊர். அங்கிருந்து ஆம்புலன்ஸில் வருகிறவர், தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர் வைத்த பெரியவராக இருக்கலாம். பின்னாலேயே ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஊர் பேர் சொல்லாத சாதுவாக இருக்கலாம். கூட வந்தவர் அன்னதான வரிசையில் பழக்கமானவர் மட்டும். வாடகை வீட்டில் வருடக்கணக்காகத் தங்கியிருக்கும் ஐரோப்பியப் பெண்மணியாக இருக்கலாம். மகள் அங்கே தூங்கும் நேரத்தில் இங்கே பி.பி. இறங்கும். பௌர்ணமி இரவில் ஆந்திராவிலிருந்தோ தெலங்கானாவிலிருந்தோ வந்து, நடக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவராகவும் இருக்கலாம். வீட்டம்மாவுக்குத் தெலுங்கு தவிர வேறு பாஷை தெரியாது. நான்கு பேருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம். பேச வேண்டிய பேச்சு நான்கும் வேறு.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1949-ல் ரமண மகரிஷியின் இடது கையில், முழங்கை அருகே வந்த சிறு கட்டியை அறுத்து எடுத்தார்கள். அது மறுபடி மறுபடி வளர்ந்தது. சார்கோமா என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு அறுவை சிகிச்சைகள். கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. ஒப்பவில்லை என்பதற்காக டாக்டர்கள் போய்விடவில்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவதும் வந்து பார்ப்பதும் தொடர்ந்தது. வருகிறவர்கள் தன்னைப் பார்ப்பதைத் தடுக்கவும் அவர் விடவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு ஆசிரமத்திலேயே உயிர் பிரிந்தது. நோயாளியின் சொல் கேட்கப்பட்டது, வைத்தியம் பார்த்தவர்கள் கூடவே இருந்தார்கள், மனிதர்கள் பக்கத்தில் வர முடிந்தது. இன்றைய ஐ.சி.யூ.விடம் நான் கேட்பதும் இதையேதான்.

முதல் 72 மணி நேரம்

குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதை எல்லாம் கைமீறிய பிறகு வைத்துக்கொள்வதுதான் நம் பழக்கம். அதை முதல் மூன்று நாட்களுக்குள் கொண்டுவாருங்கள். வென்டிலேட்டரில் போட்ட எல்லாருக்கும் இது பொது விதியாக இருக்கட்டும். அப்போதுதான் ‘டாக்டர் கூப்பிடுகிறார்’ என்றதும் வீட்டார் நெஞ்சு பதறாது. இரண்டாவது கூட்டத்தில் கெட்ட செய்தி சொல்ல வேண்டி வந்தால், முதல் கூட்டத்தில் பழகிய முகம் எதிரே இருக்கும்.

பிரான்சில் 22 ஐ.சி.யூ.க்களில், இறக்கும் தறுவாயில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பத்தாரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2007-ல் வெளியானது. ஒரு பாதிக் குடும்பங்களுக்கு வழக்கமான பேச்சு. மறு பாதிக்கு முறைப்படி நடத்திய கூட்டம், கையில் ஒரு சின்னக் கையேடு. வழக்கமான கூட்டம் 20 நிமிடம் நடந்தது. அதில் குடும்பத்தார் வாய் திறந்தது 5 நிமிடம். முறையான கூட்டம் 30 நிமிடம். அவர்கள் பேசியது 14 நிமிடம். 90 நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்டபோது, அதிகம் பேசக் கிடைத்த குடும்பங்களில் பதற்றமும் மனச்சோர்வும், அந்த நாட்களின் நினைவு வந்து வதைப்பதும் குறைவாக இருந்தன. கூடுதலாகச் செலவானது 10 நிமிடம். இதைவிட மலிவான மருந்து ஐ.சி.யூ. அலமாரியில் இல்லை.

முதலில் இடம். காரிடாரில் நின்றபடி, ஸ்ட்ரெச்சர் போய்வரும் வழியில் இந்தப் பேச்சு வேண்டாம். தனி அறை இல்லாவிட்டால் சிஸ்டர்கள் உடை மாற்றும் அறையைக் கால் மணி நேரம் காலி செய்யுங்கள். எல்லாருக்கும் நாற்காலி, உங்களுக்கும் சேர்த்து. நின்றுகொண்டு பேசுகிற டாக்டரை வீட்டார் கிளம்பப்போகிறவராகத்தான் பார்ப்பார்கள். போன் சைலண்டில். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் கட்டாயம் கூட இருக்க வேண்டும். டாக்டர் எழுந்து போன பிறகு வருகிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லப்போவது அவர்தான்.

அடுத்தது, யார் உட்கார வேண்டும். வாசலில் பாஸ் வைத்திருப்பவர் முடிவெடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூரில் இருக்கும் மூத்த மகனோ தாய்மாமனோ பெரிய மாப்பிள்ளையோ இல்லாமல் இங்கே எதுவும் முடிவாகாது. “முடிவு பண்றப்ப யார் யார் இருக்கணும்?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள், வர முடியாதவரை வீடியோ காலில் சேருங்கள். இன்னொருவரை எப்போதும் மறந்துவிடுகிறோம்: நோயாளியின் மனைவி. ஆண்கள் உள்ளே போய்ப் பேசுவார்கள். அந்த அம்மா வெளியே, தூணோரம், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நோயாளியோடு நாற்பது ஐம்பது வருடம் வாழ்ந்தவர் அவர்தான். கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

தெலுங்குக் குடும்பம் என்றால், தெலுங்கு தெரிந்த பணியாளர் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். பள்ளிக்கூடம் போகும் பேரனை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். தாத்தா பிழைக்க மாட்டார் என்பதைப் பாட்டியிடம் சொல்லும் பொறுப்பு ஒரு குழந்தைக்கு வரவே கூடாது.

இனிப் பேச்சு. எடுத்த எடுப்பில் கிரியேட்டினின், சாச்சுரேஷன் என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். புரிந்து ஆட்டுவதில்லை. கேள்வியில் தொடங்குங்கள். அடி அண்ணாமலைப் பெரியவரின் வீட்டாரோடு அந்தப் பேச்சு இப்படிப் போகலாம்:

“வாங்கம்மா, இப்படி உட்காருங்க. இதுவரைக்கும் அப்பாவுக்கு என்னன்னு உங்களுக்குச் சொல்லியிருக்காங்க?”

“சளி ரொம்பக் கட்டியிருக்குன்னாங்க சார். கிட்னியும் வேலை செய்யலன்னாங்க. மெஷின் வச்சா சரியாயிடும்னு இருக்கோம்.”

“சரிங்க. நான் இன்னைக்குச் சொல்லப்போறது மனசுக்குக் கஷ்டமான விஷயம். மருந்து, மெஷின் எல்லாம் முழு அளவுல குடுத்துட்டோம். அப்பா உடம்பு அதுக்கு ஒத்துழைக்கல. இந்தத் தடவை அவர் நம்மளவிட்டுப் போயிடுவார்னுதான் நாங்க நினைக்கிறோம்.”

இங்கே நிறுத்துங்கள். அடுத்த வாக்கியம் உங்களுடையதாக இருக்கக் கூடாது. அழுவார்கள், கோபப்படுவார்கள், ஒருவர் எழுந்து வெளியே போவார். அந்த மௌனத்தை லேப் ரிப்போர்ட் சொல்லி நிரப்புகிற ஆசை எல்லா டாக்டருக்கும் வரும், நிரப்பாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து:

“அப்பா எப்படிப்பட்டவருங்க?”

“விடியக்காலம் எந்திரிச்சு மலையப் பாத்துக் கும்பிட்டுட்டுதான் வாய்ல தண்ணியே ஊத்துவாரு. யார்கிட்டயும் ஒரு வேலை சொல்ல மாட்டாரு. போன வருஷம் எங்க பெரியப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப, ‘எனக்கு இப்படி வரக் கூடாது’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கூட்டமே. இதைக் கேஸ் ஷீட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். மகன் என்ன விரும்புகிறார் என்பது இரண்டாவது. அப்பா பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் முதலாவது. நோயாளிக்கு நினைவு இருந்தால் அவரிடமே கேட்க வேண்டும், ‘அவருக்குத் தெரிய வேண்டாம்’ என்று வீட்டார் சொன்னாலும், “எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?” என்று அவரையே ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நம் கடமை.

சொல்லவே கூடாத ஒரு வாக்கியம் உண்டு: “வென்டிலேட்டரை எடுத்துடலாமா? நீங்கதான் முடிவு சொல்லணும்.” இப்படிக் கேட்டால் ‘அப்பனை நான்தான் கொன்னேன்’ என்ற நினைப்பை ஒரு மகன் தலையில் காலத்துக்கும் ஏற்றிவிடுகிறோம். யோசனையை நீங்கள் சொல்லுங்கள்: “நீங்க சொன்னதையும் நோயோட நிலைமையையும் வச்சு நாங்க டாக்டருங்க எல்லாரும் பேசினோம். இனிமே மெஷினால அவருக்கு நல்லது இல்ல. வலியில்லாம, மூச்சு முட்டாம பாத்துக்கறதுதான் சரின்னு எங்களுக்குப் படுது. உங்களுக்கு என்ன தோணுது?” முடிவின் பாரத்தில் பெரும்பங்கு உங்கள் தோளில். சம்பளம் வாங்குவது அதற்கும் சேர்த்துத்தான்.

பணத்தைப் பற்றியும் பேசுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் நகை அடகுக்குப் போயிருக்கும், நிலத்துக்கு விலை பேசிக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு எவ்வளவு ஆகும், அதனால் என்ன பலன் என்று கேட்காமலே சொல்வது மரியாதை. அரசு மருத்துவமனையில் சிக்கல் வேறு: அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டும். அந்த நெருக்கடி உண்மையானதுதான். ஆனாலும் இந்த நோயாளியைப் பற்றிய பேச்சில் அது ஒரு வரியாகக்கூட வரக் கூடாது.

வலியும் மூச்சுத்திணறலும்

அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில் 9,105 தீவிர நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு 1995-ல் வெளிவந்தது. மருத்துவமனையில், நினைவோடு இருந்து இறந்தவர்களில் பாதிப் பேர் கடைசி நாட்களில் பாதி நேரமாவது மிதமான அல்லது கடும் வலியில் இருந்ததாக அவர்கள் குடும்பத்தார் சொன்னார்கள். அத்தனை வசதி இருந்த இடத்திலேயே அந்த நிலை.

வாயில் டியூப் இருக்கிறவர் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் முகத்தைப் பாருங்கள்: புருவம் நெரிகிறதா, கண்ணை இறுக்கி மூடுகிறாரா. கை டியூபைத் தேடிப் போகிறதா. கையை மடக்கி நீட்டினால் விறைக்கிறதா. வென்டிலேட்டரோடு சண்டை போடுகிறாரா. இந்த நான்கையும் வைத்து 0 முதல் 8 வரை மதிப்பெண் போடும் சிபாட் என்ற அளவுகோல் பல ஐ.சி.யூ.க்களில் புழக்கத்தில் இருக்கிறது; 3-ஐத் தொட்டால் மருந்து வேண்டும். பி.பி., பல்ஸ் எழுதும் சார்ட்டிலேயே இதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எழுதாத வலிக்கு மருந்து வராது.

வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் முதல் மருந்து மார்ஃபின். பயத்துக்கும் பதற்றத்துக்கும் மிடாசோலம். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் கிளைகோபைரோலேட். சும்மா சும்மா சக்‌ஷன் போட்டுக் குத்தாதீர்கள். மார்ஃபின் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்ற பயம் நம் வார்டுகளில் இன்னும் இருக்கிறது. கஷ்டத்தைப் பார்த்து, அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுப்பது சிகிச்சை. நோக்கம் என்ன, எவ்வளவு கொடுத்தோம், கொடுத்த பிறகு எப்படி இருந்தார் என்று எழுதிவைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. சட்டமும் 2014-ல் மாறியது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு அந்த ஆண்டு வந்த திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதை முன்பைவிட எளிதாக்கியது. சட்டப்படி அபின் விளைவிக்கும் சில நாடுகளில் நம் நாடும் ஒன்று. இங்கே ஒருவர் மார்ஃபின் கிடைக்காமல் துடித்துச் சாவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். நாளைக்கே உங்கள் ஃபார்மஸியில் கேளுங்கள்: ஊசி மட்டும்தானா, மாத்திரையும் இருக்கிறதா, இரவு 2 மணிக்குச் சாவி யாரிடம்?

வென்டிலேட்டரை விலக்குவது என்று சட்டப்படி முடிவாகிவிட்டால், தசையைத் தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் நிறுத்தி, அதன் வேகம் முழுதும் இறங்கும்வரை காத்திருங்கள். அந்த மருந்து உள்ளே இருக்கும்வரை அவர் திணறினாலும் வெளியே தெரியாது. மார்ஃபினையும் மிடாசோலத்தையும் முன்பே கொடுத்து, அடுத்த டோஸைச் சிரிஞ்சில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு தொடங்குங்கள். மானிட்டர் திரையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குடும்பம் முழுக்க அப்பாவை விட்டுவிட்டு அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நிறுத்த வேண்டியவையும் உண்டு. மணிக்கொரு தரம் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பது, காலை 5 மணி ரத்தப் பரிசோதனை, தினசரி எக்ஸ்ரே. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதனால் இன்றைக்கு அவருக்கு இதம் உண்டா? வாயைத் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, கண்ணுக்கு ஈரம் வைப்பது, தலை சீவிவிடுவது எதுவும் நிற்கக் கூடாது.

இதயம் நின்றால் சி.பி.ஆர். வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கு ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த முடிவு சி.பி.ஆருக்கு மட்டும்தான், மற்ற சிகிச்சை எல்லாம் தொடரும் என்பதை அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது வாயால் சொல்லுங்கள். வீட்டார் திருப்திக்காக நெஞ்சில் பேருக்கு நாலு அமுக்கு அமுக்குவது சில இடங்களில் நடக்கிறது. அது நோயாளிக்கும் பொய், குடும்பத்துக்கும் பொய். செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

நாற்காலியும் திருநீறும்

பார்வையாளர் நேரம் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்ற விதி, இறந்துகொண்டிருப்பவருக்குப் பொருந்தாது. கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார விடுங்கள். தடுப்புத் துணியை இழுத்துவிட்டால் பக்கத்துக் கட்டிலுக்கும் தொந்தரவில்லை. நெற்றியில் திருநீறு இடுவதால் இன்ஃபெக்‌ஷன் கூடிவிடப்போவதில்லை. உதட்டில் பஞ்சால் ஒரு சொட்டுத் தீர்த்தமோ பாலோ வைக்க விடுங்கள். புரை ஏறாதபடி எப்படி வைப்பது என்று பக்கத்தில் நின்று நீங்களே காட்டுங்கள். போனில் அவருக்குப் பிடித்த பாட்டு ஓடட்டும். யாசீன் ஓதுகிறவர்களுக்கும் ஜெபிக்கிறவர்களுக்கும் அதே இடம், அதே நேரம்.

கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு ஐ.சி.யூ., இறக்கும் நோயாளி ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று ஆசைகளையாவது நிறைவேற்றுவது என்று தொடங்கியது. முதலில் 40 நோயாளிகளிடம் செய்து பார்த்து 2015-ல் எழுதினார்கள். பெரும்பாலும் செலவே இல்லாத ஆசைகள். இங்கே கேட்டுப் பாருங்கள். மலை தெரிகிற ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பச் சொல்வார்கள். திருப்ப முடியும் என்றால் திருப்புங்கள்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்”

நம் பக்கத்தில் ஐ.சி.யூ. கதை பெரும்பாலும் முடிவது இந்த வாக்கியத்தில்தான். உயிர் வீட்டில் போக வேண்டும், சொந்த மண்ணில் போக வேண்டும். நியாயமான ஆசை. அதற்கு நாம் வைத்திருக்கிற வழிதான் மோசமானது: ‘டாக்டர் பேச்சை மீறிச் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆம்பு பையை அமுக்கியபடி ஆம்புலன்ஸில் ஏற்றி, திண்ணையில் வைத்து டியூபை உருவிவிட்டு வந்துவிடுவது. ஒரு சொட்டு மார்ஃபின் இல்லாமல், மூச்சுக்குத் தவிப்பதை வீடே சுற்றி நின்று பார்க்கும். மருத்துவமனை ரிக்கார்டில் அது ஒரு இறப்பாகக்கூடப் பதிவாகாது. இதை மாற்றுவதுதான் இந்தக் கட்டுரையில் மிக அவசரமான வேலை.

வீட்டுக்குப் போகும் யோசனை சரி என்று உங்களுக்கும் பட்டால், அதை முறைப்படி திட்டமிட்ட டிஸ்சார்ஜாக எழுதுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவர் என்றால் அடுத்த பகுதியில் வரும் சட்ட நடைமுறை முடிந்த பிறகு. மார்ஃபின் மாத்திரை, எத்தனை மணிக்கொரு தரம், மூக்குக் குழாய் வழியே எப்படிக் கரைத்துக் கொடுப்பது என்று தமிழில் எழுதிய சீட்டு. சிறுநீர்க் குழாய் இருந்தபடியே இருக்கட்டும். இரவில் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு எண். அந்தப் போனை எடுக்கிற ஆள் நிஜமாக இருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. டிஸ்சார்ஜ் போடும் முன்பே அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு சொல்வது உதவாது.

வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் முன்பே சொல்ல வேண்டும்: “மூச்சு விட்டு விட்டு வரும். நடுவுல நின்னு மறுபடி வரும். தொண்டையில கரகரன்னு சத்தம் கேட்கும், அது அவருக்கு வலி இல்லைங்க. கை கால் சில்லுன்னு ஆகும். சாப்பிடலயேன்னு கட்டாயப்படுத்தி ஊட்டாதீங்க.” இதைக் கேட்டுக்கொண்டு போன குடும்பம் நடு இரவில் பதறி 108-ஐக் கூப்பிட்டு, மறுபடி வென்டிலேட்டருக்கே கொண்டுவந்து சேர்க்காது. வீட்டில் இறந்தால் இறப்புக் காரணச் சான்று படிவம் 4ஏ. 21 நாளுக்குள் பதிவு. யார் கையெழுத்திடுவார் என்பதை டிஸ்சார்ஜ் அன்றே பேசிவையுங்கள். சாவு வீட்டுக்காரர் சான்றிதழுக்காக அலையக் கூடாது. மருத்துவமனையிலேயே உயிர் போனால், உடலைக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தெரியாமல் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சட்டம் எதை அனுமதிக்கிறது

நர்ஸ்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர் அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ். 1973 நவம்பரில் அந்த மருத்துவமனைக்குள்ளேயே தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை, நாற்பது வருடங்களுக்கு மேல், அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அதே மருத்துவமனையின் நர்ஸ்கள்தான். அவர் வழக்கில் 2011-ல் வந்த தீர்ப்பு, உயிர்காக்கும் சிகிச்சையை விலக்க உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று தீர்ப்பளித்து, மருத்துவமனையிலேயே முடிவெடுக்கும் நடைமுறையைத் தந்தது. அது நடைமுறைக்கு ஒத்துவராத அளவு சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே அதை எளிதாக்கியது. ஊசி போட்டு உயிரை முடிப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். பலனில்லாத சிகிச்சையை விலக்கி, நோய் தன் வழியில் போக விடுவது அது அல்ல.

நடைமுறை இதுதான். சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது 5 வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்தது முதல் குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் சேர்ந்தது இரண்டாவது குழு. ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம் எழுத்தில். நடைமுறைப்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். அனுமதி கேட்பது அல்ல, தகவல் மட்டும். குழுக்களுக்குள் ஒத்துவராவிட்டால் உயர் நீதிமன்றம். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதைச் செயல்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் மருத்துவமனையில் இரண்டாவது குழுவுக்கு ஆளை நியமிப்பவர் யார் என்று நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். நோயாளி வந்த பிறகு தேடினால் 48 மணி நேரம் தேடுவதிலேயே போய்விடும்.

மூளைச்சாவு இதில் சேராது. அது 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, தனி டாக்டர்கள் குழு 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்யும் மரணம். இரண்டையும் ஒரே மூச்சில் குடும்பத்திடம் பேசாதீர்கள்.

இப்போது அந்தச் சாதுவுக்கு வருவோம். சொந்தம் யாருமில்லை, பேச முடியவில்லை. அவர் சார்பில் யார் பேசுவது? அவர் நன்றாக இருந்தபோதே ஒரு தாள் எழுதி வைத்திருந்தால் வழி உண்டு. வயது வந்த யாரும் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம், தனக்காக யார் முடிவெடுக்கலாம் என்று எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கிவைக்கலாம். 2018-ல் இதற்கு மாஜிஸ்திரேட் வேண்டியிருந்தது. 2023-ல் அந்தத் தடை போய்விட்டது. நகல் உள்ளாட்சி அமைப்புக்கும் போகும். கிரிவலப் பாதையில் தனியாக வாழும் முதியவர்களும் வெளிநாட்டவர்களும் இத்தனை பேர் இருக்கிற ஊரில், ஆசிரமங்களோடும் அன்னதானச் சத்திரங்களோடும் சேர்ந்து இதற்கென்று ஒரு நாள் முகாம் நடத்த எந்த மருத்துவமனையாலும் முடியும். மருத்துவ சமூகப் பணியாளர் பதவியில் இருப்பவர் இதைக் கையில் எடுத்தால் நன்றாக இருக்கும். அப்படித் தாள் எதுவும் இல்லாதபோது, அவரோடு பழகிய சாதுக்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். சட்டப்படி கையெழுத்திட அவர்களால் முடியாமல் போகலாம். அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியும்.

உங்கள் வேலைக்கு இதனால் என்ன

என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்கான தரநிலைகளில் கடைசிக்காலக் கவனிப்பும் இடம்பெறுகிறது. அந்த ஃபைலை எழுதத் தெரிந்த நர்ஸ் எந்த நிர்வாகத்துக்கும் வேண்டியவர். இந்திய நோய் ஆதரவு சிகிச்சைச் சங்கம், டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வேலையை விடாமலே படிக்கக்கூடிய அடிப்படைச் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியாவும் கோழிக்கோட்டில் பாலியேட்டிவ் மருத்துவ நிறுவனமும் பயிற்சி தருகின்றன. பக்கத்து ஊரான வேலூர் சி.எம்.சி.யில் தனிப் பிரிவே உண்டு. சில நாட்கள் போய்ப் பார்த்துவிட்டு வர அனுமதி கேளுங்கள். தீவிர சிகிச்சைச் சங்கமும் நோய் ஆதரவு சிகிச்சைச் சங்கமும் சேர்ந்து ஐ.சி.யூ.வுக்கென்றே 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்து டூட்டி ரூமில் வையுங்கள்.

உங்கள் மனதையும் பாருங்கள். ஒரே ஷிஃப்டில் இரண்டு பேரை இழந்துவிட்டு மூன்றாவது அட்மிஷனுக்குக் கட்டில் விரிக்கிற வேலை இது. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனை நர்ஸ் ஜோனதன் பார்டெல்ஸ் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும் சுற்றி இருக்கும் எல்லாரும் ஒரு நிமிடம் அப்படியே நிற்பார்கள். இவர் யாருக்கோ அப்பா, யாருக்கோ கணவர் என்று ஒருவர் சொல்வார். பிறகு அவரவர் வேலை. வார்டு ஆயாவும் செக்யூரிட்டியும் அதில் இருக்கட்டும். குடும்பத்தை வாசலில் நாள் முழுக்கப் பார்த்தவர்கள் அவர்கள்.

பல மருத்துவமனைகளில் மாதம் ஒரு முறை இறப்பு ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. ஏன் இறந்தார், தவிர்த்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். அந்தப் படிவத்தில் இன்னும் மூன்று வரி சேர்க்கச் சொல்லி அடுத்த கூட்டத்துக்கு முன் எழுதிக் கொடுங்கள்: குடும்பத்தோடு முதன்முதலில் உட்கார்ந்து பேசியது எந்தத் தேதியில், கடைசி 24 மணி நேரத்தில் வலி மதிப்பெண் என்ன, உயிர் பிரியும்போது பக்கத்தில் இருந்தவர் யார். முதல் சில மாதங்கள் பல கட்டங்கள் காலியாக இருக்கும். காலியாகவே தாக்கல் செய்யுங்கள். எந்த ஷிஃப்டுக்கு ஆள் போடுவது, யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்பதை அந்தக் காலிக் கட்டங்களை வைத்தே கேட்டு வாங்கலாம்.